குரோன் நோயுற்ற குழந்தையும் பெற்றோர் பராமரிப்பும்

குரோன் நோய் என்பது வாய் முதல் ஆசனவாய் வரையுள்ள உணவுப்பாதையின் எப்பகுதியிலும் தோன்றக்கூடிய நெடுநாள் அழற்சி நோயாகும். அது பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியாகிய இலியத்தையும் பெருங்குடலையும் பற்றுகிறது. குடலின் உட்படலத்தோடு நில்லாமல் சுவரின் முழுத் தடிமனையும் அழற்சி ஊடுருவுவதும், நோயுற்ற பகுதிகளுக்கிடையே நலமான பகுதிகள் விட்டுவிட்டு அமைவதும் இதன் அடையாளங்கள். குரோன் நோயை உள்ளிட்ட குடல் அழற்சி நோய்களுக்கு ஆளாவோரில் ஏறத்தாழக் கால்பங்கினருக்கு 20 வயதுக்குள்ளேயே நோய் தொடங்கிவிடுகிறது. நோய் உறுதியானதும் பெற்றோரிடம் முதலில் எழும் வினா, தாம் ஊட்டிய உணவிலோ வளர்த்த முறையிலோ பிழை நேர்ந்ததா என்பதே. இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் காலந்தோறும் தந்த விடைகள், பராமரிப்பில் பெற்றோருக்குரிய இடத்தையும் மாற்றி வந்துள்ளன.

வரலாறு

இத்தாலியின் பதுவா நகர மருத்துவப் பேராசிரியர் ஜியோவன்னி பத்திஸ்தா மோர்கானி 1761-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில், இந்நோயை ஒத்த குடற்புண் பற்றிய விவரிப்பு காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்சாவின் அறுவை மருத்துவர் அந்தோனி லெஷ்னியோவ்ஸ்கி இதே போன்ற நோயாளரைப் பற்றி எழுதினார். போலந்தில் இன்றும் இந்நோய் லெஷ்னியோவ்ஸ்கி–குரோன் நோய் என்றே வழங்குகிறது. கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சியெல் 1913-இல் வெளியிட்ட கட்டுரை இவற்றினும் தெளிவானது. குடற்சுவர் தடித்துப்போன நோயாளரை விவரித்த அவர், இது காசநோய் போலத் தோன்றினாலும் அதன்று எனக் கண்டு, கால்நடைகளைத் தாக்கும் யோனே நோயோடு ஒப்பிட்டார். நோயைத் தனித்து அறிந்த முதன்மை அவருக்கே உரியது.

ஆயினும் பெயர் நிலைபெற்றது நியூயார்க்கில். மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர், 14 நோயாளரை ஆராய்ந்து 1932-இல் எழுதிய கட்டுரையில், இலியத்தின் கடைப்பகுதியைப் பற்றி இளம் வயதினரையே பெரிதும் தாக்கும் தனி நோய் இதுவென நிறுவினர். அந்நோயாளருக்கு அறுவை செய்த ஏ. ஏ. பெர்க் தம் பெயரைச் சேர்க்க இசையாமையாலும், எஞ்சிய மூவரின் பெயர்கள் அகரவரிசையில் அமைந்தமையாலும் குரோனின் பெயர் முதலிடம் பெற்று நோய்க்கும் பெயராயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு 1956-இல் இந்நோய்க்காக அறுவை நிகழ்ந்தபோது பொதுமக்களும் இதை அறிந்தனர். பெருங்குடலிலும் இந்நோய் தோன்றும் என்பதை இலண்டனில் லாக்கார்ட்-மம்மரியும் மோர்சனும் 1960-இல் தெளிவுபடுத்தினர்.

இதே காலத்தில் பெற்றோரைப் பெரிதும் வருத்திய கருத்தொன்றும் வளர்ந்தது. குரோன் நோயின் இனமாகிய பெருங்குடற்புண் அழற்சிக்கு மனப்போராட்டமே வித்து என்று 1930-இல் நியூயார்க்கின் சிசில் மர்ரே எழுதினார். உளப்பகுப்பாய்வாளர் பிரான்ஸ் அலெக்சாண்டர் 1950-இல் வெளியிட்ட நூலில் அந்நோயை உள்ளத்தால் விளையும் ஏழு உடல்நோய்களுள் ஒன்றாக வைத்தார். இக்கருத்து குரோன் நோய்க்கும் ஏற்றப்பட்டு, குழந்தையை இறுகப் பிடித்து வளர்த்த தாயின் மேல் பழி விழுந்தது. 2001-இல் 16-ஆம் நிறப்புரியிலுள்ள நாட்2 மரபணுவின் மாற்றங்களுக்கும் குரோன் நோய்க்கும் உள்ள தொடர்பை இரு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தபின் அப்பழி அடிப்படையற்றதாயிற்று. மரபியல்பு, குடல்வாழ் நுண்ணுயிர்கள், சூழல், நோயெதிர்ப்பாற்றல் ஆகியவை ஒன்றோடொன்று ஊடாடுவதால் நோய் விளைகிறது. குழந்தையைக் கண்டித்தமையாலோ, வேலைக்குச் சென்றமையாலோ, காரம் கொடுத்தமையாலோ எந்தத் தாயும் இந்நோயை உண்டாக்குவதில்லை.

வகைப்பாடு

2005-இன் மொன்றியல் வகைப்பாடு, 16 வயது வரை நோய் கண்டறியப்பட்டோர் அனைவரையும் ஏ1 என்னும் ஒரே பிரிவில் அடக்கியது. குழந்தை மருத்துவர்கள் இதன் குறையை உணர்ந்து அமைத்த பாரிஸ் வகைப்பாடு 2011-இல் வெளிவந்தது. இதன்படி 10 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டோர் ஏ1ஏ எனவும், 10 முதல் 17 வயது நிறையும் முன் கண்டறியப்பட்டோர் ஏ1பி எனவும் பிரிக்கப்படுகின்றனர். நோயின் இடம், இலியத்தின் கடைப்பகுதி எல்1, பெருங்குடல் எல்2, இரண்டும் சேர்ந்தது எல்3, மேல் உணவுப்பாதை எல்4 எனக் குறிக்கப்படுகிறது. சுருக்கமோ துளையோ இல்லாத நோய் பி1; குடல் சுருங்கி வழி குறுகுவது பி2; சுவரைத் துளைத்துச் சீழ்க்கட்டியோ புரைவழியோ உண்டாவது பி3. இவற்றோடு வளர்ச்சிக்கெனத் தனிக் குறியீடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. வளர்ச்சி குன்றாதோர் ஜி0, குன்றியோர் ஜி1. பெரியவர்களுக்கான வகைப்பாட்டில் இடம்பெறாத இக்குறியீடே குழந்தை நோயின் இயல்பைச் சரியாக உணர்த்துகிறது.

6 வயதுக்குள் தோன்றுவது மிக இளம்வயதுத் தொடக்க நோய் எனத் தனியே பிரிக்கப்படுகிறது. இவர்களுள் சிலருக்கு ஒற்றை மரபணுக் குறையே காரணமாகும். அத்தகைய குறைகளுள் ஒன்றாகிய இன்டர்லூக்கின்-10 ஏற்பியின் குறைபாடு 2009-இல் கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தாலே இது வெளிப்படுமாதலால், உறவுமுறைத் திருமணம் வழக்கிலுள்ள குடும்பங்களில் மரபணுச் சோதனை பயன் தருகிறது.

அறிகுறிகளும் நோயறிதலும்

வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகிய மூன்றும் எல்லாக் குழந்தைகளிடமும் சேர்ந்து காணப்படுவதில்லை. உயரம் கூடாமை, பருவமடைதல் தள்ளிப்போதல், இரத்தசோகை, வாய்ப்புண், மூட்டுவலி, பவுத்திரம் எனப்படும் ஆசனவாய்ப் புரைவழி ஆகியவற்றுள் ஒன்று மட்டுமே முதலில் தெரியலாம். மலத்திலுள்ள கால்ப்ரொடெக்டின் என்னும் புரதத்தின் அளவு குடல் அழற்சியைச் சுட்டும்; உள்நோக்கிச் சோதனையும் திசு ஆய்வும் நோயை உறுதிசெய்யும். குடற்காசநோய் மிகுந்த இந்தியாவில் அதையும் குரோன் நோயையும் பிரித்தறிவது கடினமாதலால், குழந்தைகள் பலருக்கு முதலில் காசநோய் மருந்து தரப்படுகிறது. திசுவில் காணும் கிரானுலோமா எனப்படும் நுண்கட்டிகளின் அளவையும் அமைப்பையும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம் என வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினர்.

பெற்றோர் பராமரிப்பு

குழந்தைகளுக்குரிய முதல் சிகிச்சை முழுத் திரவ ஊட்டமாகும். அதாவது 6 முதல் 8 வாரங்கள் வேறு உணவின்றி, எல்லாச் சத்துகளும் அடங்கிய திரவ உணவை மட்டும் அருந்தச் செய்வது. இது அழற்சியைத் தணிப்பதில் ஸ்டீராய்டு மருந்துக்கு இணையானது. வளர்ச்சியைத் தடுக்காமையாலும் குடலின் உட்படலத்தை ஆற்றுவதாலும் அதனினும் மேலானது. ஆயினும் இதன் சுமை முழுவதும் வீட்டின் மேலேயே விழுகிறது. அடுப்பில் தோசைக்கல் காயும்போது எழும் மணமே குழந்தைக்குச் சோதனையாகும். ஆதலால் முதல் இரு வாரங்களில் வீட்டார் உண்ணும் நேரத்தை மாற்றுவதும், ஊட்டத்தைக் குளிரவைத்து உறிஞ்சுகுழல் கொண்டு பருகச் செய்வதும் பயன் தரும். பருக இயலாத குழந்தைக்கு, மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயின் மூலம் இரவில் துளித்துளியாக ஊட்டம் செலுத்தப்படுகிறது. அக்குழாயைக் கையாளப் பெற்றோருக்குச் செவிலியர் பயிற்சி அளிப்பர்.

ஸ்டீராய்டு தரப்பட்டால் முகம் உப்புவதும் பசி மிகுவதும் இயல்பு. அதைக் கண்டு அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே தீங்காகலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்குமுன் தடுப்பூசிக் கணக்கை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடங்கியபின் உயிருள்ள நுண்கிருமி கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படும். கழிப்பறைக்குப் போக நேருமோ என்னும் அச்சத்தால் காலை உணவையும் தண்ணீரையும் விலக்கும் குழந்தைகள் உள்ளமையால், வகுப்பில் கை தூக்கி அனுமதி கேளாமல் வெளியே செல்லும் உரிமையைப் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டுப் பெறுதல் வேண்டும். நோயின் பெயரையும் அது நெடுநாள் நீடிக்கும் என்பதையும் குழந்தையின் வயதுக்கேற்ற சொற்களில் கூறிவிடுவதே நன்று. மறைக்கப்பட்ட நோயைக் குழந்தை தன் குற்றமாகக் கருதிக்கொள்கிறது.

இன்றைய நிலை

உயிரியல் மருந்தாகிய இன்ஃப்ளிக்சிமாப் அமெரிக்காவில் 1998-இல் பெரியவர்களுக்கும் 2006-இல் குழந்தைகளுக்கும், அடலிமுமாப் 2014-இல் குழந்தைகளுக்கும் ஒப்புதல் பெற்றன; இந்தியாவிலும் இவை கிடைக்கின்றன. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை எனினும், நோய் தணிந்த நிலையில் குழந்தைகள் பள்ளிப்படிப்பையும் விளையாட்டையும் தொடர்கின்றனர். ஆனால் எலும்பு முனைகள் இணைந்தபின் இழந்த உயரம் திரும்புவதில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, உயரத்தையும் எடையையும் தேதியோடு குறித்து, அக்குறிப்பேட்டை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் பெற்றோர் எடுத்துச் செல்லல் வேண்டும்.