பாய்ப் படகில் டீசல் எஞ்சின்: ஓட்டும் வேகம்

பாயோடு டீசல் எஞ்சினும் பூட்டிய படகில், எஞ்சினை எத்தனை சுற்றில் ஓட்டினால் எண்ணெயும் மிஞ்சும், எஞ்சினும் உழைக்கும் என்ற கணக்கு. சென்னையில் இதை மீனவர்களின் செலவுக் கணக்காகவே பார்த்தது வங்காள விரிகுடாத் திட்டம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் தொடங்கிய இத்திட்டத்தின் அலுவலகம் மயிலாப்பூரை ஒட்டிய அபிராமபுரத்தில், செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்தது. அலையைத் தாண்டி மணலில் ஏறும் படகுகளுக்காக, புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் அமைப்பை அது உருவாக்கியது. சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி அதன் படகு வடிவமைப்பாளர் குல்பிரான்சன் எழுதிய அறிக்கை 1986இல் வெளிவந்தது.

புரொப்பல்லர் கேட்கும் திறன் சுற்றுவேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். உச்சச் சுற்றில் பத்து சதவீதம் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். படகின் வேகமோ கொஞ்சம்தான் இறங்கும். நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளமுள்ள படகு சுமார் ஆறரை நாட் வேகத்தை எட்டியபின் தான் எழுப்பிய அலையோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதற்குமேல் முடுக்குவது புகைக்கும் இரைச்சலுக்கும் கொடுக்கும் காசு. கரையலையைக் கடக்கும் சில நொடிகள் மட்டும் விலக்கு.

மிக மெதுவாக ஓட்டுவதும் ஆகாது. பாட்டரி ஏற்றவென்று நங்கூரத்தில் மணிக்கணக்கில் சுமையின்றி ஓடும் எஞ்சின் சூடேறாது. இன்ஜெக்டரில் கரி படியும், சிலிண்டர் சுவர் வழுவழுத்து எஞ்சின் மசகெண்ணெயைக் குடிக்கும்.