மங்களூரில் பிறந்த வங்கிகளும் டில்லியில் நடந்த தேர்தல்களும்

மணப்பாறை என்றால் முறுக்கு, திருநெல்வேலி என்றால் அல்வா. நான் இப்போது வேலை பார்க்கும் தென் கன்னடக் கடற்கரைக்கு என்ன சொல்லலாம்? முந்திரி, ஓடு, மீன் என்று இங்கே இருப்பவர்கள் அடுக்குவார்கள். பி.காம். படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வங்கிதான்.

காரணம் இருக்கிறது. 1969-ல் 14 வங்கிகள், 1980-ல் 6 வங்கிகள், ஆக மொத்தம் 20 வங்கிகள் தேசியமயமாகின. அதில் நான்கு வங்கிகள் இந்த ஒரே ஜில்லாவில் பிறந்தவை. ஐந்தில் ஒரு பங்கு! கனரா, சிண்டிகேட், கார்ப்பரேஷன், விஜயா. மங்களூரும் உடுப்பியும் அப்போது ஒரே ஜில்லாவாக இருந்தன. இன்று இந்த நான்கில் கனரா வங்கியின் பெயர் மட்டும்தான் மிச்சம். அதன் தலைமையகமும் பெங்களூரில். இந்தக் கதையில் டில்லித் தேர்தல் அரசியலுக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

38 ரூபாயில் ஆரம்பம்

1956 வரை இந்த ஜில்லா மதராஸ் ராஜதானியையும் பிறகு மதராஸ் மாநிலத்தையும் சேர்ந்தது. ஒரு வகையில் நம்ம ஜில்லாதான். 1906 மார்ச்சில் உடுப்பியில் ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாகிப் பகதூர் என்பவர் முன்நின்று ஒரு வங்கியைத் தொடங்கினார். முதல் நாள் சேர்ந்த பணம் 38 ரூபாய் 13 அணா 2 பை. அதுதான் பின்னாளில் கார்ப்பரேஷன் வங்கி. அதே வருஷம் ஜூலையில் மங்களூர் வக்கீல் அம்மெம்பள் சுப்பராவ் பை ஒரு பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கினார். அது கனரா வங்கி ஆனது.

அதே 1906 அக்டோபரில் மதராஸில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி, பலர் சேமிப்பு மொத்தமாகப் போனது. அந்த அடிக்குப் பிறகுதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதாவது, நம்மவர்கள் அடிபட்டுச் செய்த காரியத்தை இந்தக் கடற்கரைக்காரர்கள் சில மாதம் முன்பே செய்துவிட்டார்கள்.

அடுத்து 1924-ல் கர்நாடகா வங்கி. 1925-ல் உடுப்பியில் டி.எம்.ஏ. பை, உபேந்திர பை, வாமன் குடுவா மூவரும் 8,000 ரூபாய் முதலில் தொடங்கியது சிண்டிகேட் வங்கி. 1931-ல் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு ஏ.பி. ஷெட்டி தொடங்கியது விஜயா வங்கி. (இவர் 1952-ல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர்.)

இதில் சிண்டிகேட் 1928-ல் கொண்டுவந்த பிக்மி டெபாசிட்டைச் சொல்லியே ஆகவேண்டும். தினமும் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து இரண்டணா வாங்கிக்கொண்டு போவார். நெசவாளி, மீன்காரம்மா, பெட்டிக்கடைக்காரர் என்று எல்லாரும் வங்கி வாடிக்கையாளர் ஆனார்கள். 'எல்லாருக்கும் வங்கி' என்று அரசாங்கம் பேச ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்னால் நடந்தது இது.

இரண்டு சிண்டிகேட்டுகள்

1969-ல் காங்கிரஸுக்குள் பெரிய சண்டை. காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல் போன்ற மூத்த தலைவர்கள் ஒரு பக்கம். பத்திரிகைகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'சிண்டிகேட்'. உடுப்பி வங்கிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை :-) மறுபக்கம் பிரதமர் இந்திரா காந்தி. ஜனாதிபதி ஜாகிர் உசேன் மே மாதம் காலமானதால் ஜனாதிபதி தேர்தல் வந்தது. மூத்தவர்கள் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். இந்திராவுக்கு அதில் சம்மதமில்லை.

தேதிகளை மட்டும் பாருங்கள். ஜூலை 16: மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகா பறிப்பு. ஜூலை 19: 50 கோடிக்கு மேல் டெபாசிட் உள்ள 14 வங்கிகளை எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம். கையெழுத்துப் போட்டவர் தற்காலிக ஜனாதிபதி வி.வி. கிரி. மறுநாள் அவர் பதவி விலகி ஜனாதிபதி தேர்தலில் குதித்தார், ஜெயித்தார். நவம்பரில் கட்சி உடைந்தது. 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்ய, நாலே நாளில் புது அவசரச் சட்டம். 1971 மார்ச் தேர்தலில் இந்திராவுக்கு 352 இடங்கள்.

அப்படியானால் இது வெறும் அரசியல் வித்தையா? அப்படிச் சொன்னால் நியாயமில்லை. அந்தக் காலத்தில் வங்கிக் கடனில் விவசாயத்துக்குப் போனது சுமார் 2 சதவீதம்தான். பெரிய வங்கிகள் பெரிய வியாபாரக் குடும்பங்களின் கையில் இருந்தன. காரணம் உண்மைதான். ஆனால் நேரத்தைக் குறித்தது அரசியல். 50 கோடி என்ற ஒரு கோடு கிழித்ததும் பம்பாய் முதலாளிகளின் வங்கியும், இரண்டணா சேர்த்து வளர்ந்த உடுப்பி வங்கியும் ஒரே பட்டியலில் வந்துவிட்டன. கனராவும் சிண்டிகேட்டும் போயின.

1980 ஜனவரியில் இந்திரா மறுபடி ஜெயித்தார். ஏப்ரல் 15-ம் தேதி, 200 கோடி என்று இன்னொரு கோடு. கார்ப்பரேஷனும் விஜயாவும் போயின.

கொடுத்ததும் அதே கைதான்

இதைப் படித்துவிட்டு 'ஐயோ பாவம் மங்களூர்' என்று சொல்லிவிடாதீர்கள். 1969-ல் நாடு முழுக்க 8,262 கிளைகள். 1990 வாக்கில் சுமார் 60,000. அறுபதாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு கிளை என்றிருந்தது சுமார் 14,000 பேருக்கு ஒன்று என்றானது. அந்தக் கிளைகளுக்கு ஆள் வேண்டாமா? மங்களூர்ப் பையன்கள் பாட்னாவுக்கும் கௌஹாத்திக்கும் போனார்கள். கும்பகோணத்துப் பையன்கள் கான்பூருக்கும் மங்களூருக்கும் வந்தார்கள். இதைப் படிக்கும் குடும்பங்களில் பாதிப்பேர் ஊரைவிட்டு வந்ததற்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த 1969 ஜூலைதான். மூன்று வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்பர், பிள்ளைகளுக்கு மூன்று பள்ளிக்கூடம், நாலு பாஷை... எல்லாம் அதன் பலன்.

எமர்ஜென்சி காலத்தில், 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாட்டின் முதல் கிராமிய வங்கிகள் பிறந்தன. அதில் உத்தரப் பிரதேசம் மொராதாபாத்தின் பிரதமா வங்கிக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? நம்ம சிண்டிகேட் வங்கி. உடுப்பி மீன்காரம்மாவின் இரண்டணா கங்கைச் சமவெளி வரை போய்விட்டது.

இந்த ஊரும் சும்மா இருக்கவில்லை. மங்களூர் எம்.பி. ஜனார்த்தன பூஜாரி 1980-களில் நிதித்துறை இணை மந்திரியாக இருந்து 'லோன் மேளா'க்களைப் பிரபலமாக்கினார். மைதானத்தில் பந்தல் போட்டு, மேடையில் வைத்துக் கடன் கொடுப்பது. ஏழைக்கு முதல் தடவையாகக் கடன் கிடைத்தது நிஜம். விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மேனேஜர் மேடையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டி வந்ததும் நிஜம். பிறகு 1989 தேர்தல் வாக்குறுதிப்படி 1990-ல் 10,000 ரூபாய் வரை விவசாயக் கடன் நிவாரணம். 2008 பட்ஜெட்டில் 60,000 கோடி தள்ளுபடி அறிவிப்பு, 2009-ல் தேர்தல். ஒழுங்காகக் கட்டியவர் 'அப்போ நான் ஏமாளியா?' என்று கவுண்டரில் கேட்டால் என்ன பதில் சொல்வது? என்னிடம் இல்லை.

பெயர்கள் போன கதை

2018 செப்டம்பரில் பரோடா வங்கியோடு விஜயாவையும் தேனாவையும் இணைக்கும் அறிவிப்பு வந்தது. தேனா ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கையில் இருந்த வங்கி. விஜயா லாபத்தில் இருந்த வங்கி. இந்தக் கடற்கரையில் பலருக்கு மனசு ஆறவில்லை, எதிர்ப்பும் எழுந்தது. இணைப்பு அமலானது 2019 ஏப்ரல் 1. இங்கே லோக்சபா ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18. நடுவில் பதினேழே நாள்! முடிவு? தட்சிண கன்னடா, உடுப்பி-சிக்மகளூர் இரண்டு தொகுதிகளையும் மத்தியில் ஆண்ட பா.ஜ.க.வே தக்கவைத்தது. ஓட்டு என்பது ஆயிரம் விஷயங்களைப் பார்த்துப் போடுவது, அதில் ஒரு வங்கியின் பெயர்ப்பலகை எத்தனாவது இடம்?

அதே ஆகஸ்ட் 30-ல் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பத்து வங்கிகளை நான்காக்கும் முடிவை அறிவித்தார். 2020 ஏப்ரல் 1 முதல் சிண்டிகேட், கனராவுக்குள் போனது. கார்ப்பரேஷன், மும்பையில் உள்ள யூனியன் வங்கிக்குள் போனது. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 12 ஆகின. பெரிய கடனைத் தாங்கப் பெரிய வங்கி வேண்டும் என்ற வாதம் தப்பில்லை. அதே இணைப்பில் அலகாபாத் வங்கி, சென்னையில் உள்ள நம்ம இந்தியன் வங்கிக்குள் வந்தபோது நாம் யாரும் அலகாபாத்துக்காக அழவில்லையே!

தலைமையகம் போனால் ஊருக்கு என்ன நஷ்டம், கிளைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வெளியே தெரியாத நஷ்டம் அது. கிளை மேனேஜருக்கு ஒரு கடன் வரம்பு, வட்டார அலுவலகத்துக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் தலைமையகம். உள்ளூர் ஓட்டுத் தொழிற்சாலைக்காரரின் பெரிய ஃபைலை, அவர் அப்பாவைத் தெரிந்த ஒருவர் பார்த்த காலம் உண்டு. இப்போது அவரைத் தெரியாத ஒருவர் மும்பையில் பார்க்கிறார். வக்கீல், ஆடிட்டர், அச்சகம், கேன்டீன், வாடகை வீடு என்று தலைமையகத்தைச் சுற்றி வாழ்ந்த பிழைப்புகளும் ஒவ்வொன்றாகச் சுருங்கும்.

தப்பித்தவர்கள்

கர்நாடகா வங்கி மட்டும் இன்றும் தனியார் வங்கியாக, மங்களூரிலேயே தலைமையகத்தோடு இருக்கிறது. இரண்டு தடவையும் கோட்டுக்குக் கீழே சின்னதாக இருந்ததால் தப்பித்தது. கரூர் வைஸ்யா, கும்பகோணத்தின் சிட்டி யூனியன், தூத்துக்குடியின் மெர்க்கன்டைல் எல்லாம் இன்னும் அந்தந்த ஊரில் இருப்பதற்கும் இதே காரணம்தான். சின்னதாக இருந்ததே பாதுகாப்பு! அதுவும் நிரந்தரமில்லை. கரூரின் இன்னொரு வங்கியான லட்சுமி விலாஸ் நஷ்டத்தில் மூழ்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. அங்கே தேர்தல் காரணமில்லை. கணக்குதான் காரணம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மும்பையை சர்வதேச நிதி மையமாக்க 2007-லேயே பெர்சி மிஸ்திரி கமிட்டி அறிக்கை கொடுத்தது. கடைசியில் முதல் மையம் எழுந்தது குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில். 2019-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு 2020-ல் அமைத்த ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகமும் காந்திநகரில்தான். அங்கே இன்று ஃபிளாட் வாங்கும் நம்மவர்கள் மங்களூர் கதையையும் ஒரு தடவை படித்துவிட்டு வாங்கலாம். டில்லி கொடுத்ததை டில்லி மாற்றியும் எழுதலாம்.

வங்கி நகரம் வளர்வது உள்ளூர் மக்களின் சேமிப்பால். அதன் தலையெழுத்தை எழுதுவது வேறு யாரோ, வேறு கணக்குக்காக. அதில் நல்லதும் வரும், கெட்டதும் வரும். ஊரைக் கேட்டுக்கொண்டு வராது. அதனால் கையில் பணம் இருக்கும்போதே ஊர் வேறு எதையாவது ஊன்றி வைத்துக்கொள்ள வேண்டும். சிண்டிகேட்டைத் தொடங்கிய அதே டி.எம்.ஏ. பை 1953-ல் மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். வங்கியின் பெயர் 2020-ல் போய்விட்டது. கல்லூரிக்கு இன்றைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கரூர், கும்பகோணம், தூத்துக்குடிக்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஊர் வங்கி அங்கே என்னென்ன ஊன்றியது என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.