புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்: மலாயாவில் நிகழ்ந்த ஒரு மருத்துவ ஆய்வின் வரலாறு

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜோகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரத்தில் ஓடும் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆற்றை அடுத்திருந்த பள்ளிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் முதலில் மூச்சுத்திணறலுக்கும் வாந்திக்கும் ஆளாயினர். அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. இந்நிகழ்வில் நோய்க்குக் காரணம் இடமே என்பதில் ஐயம் எழவில்லை. அவ்விடத்துக் காற்றைச் சுவாசித்தவர் நோயுற்றனர், விலகியிருந்தவர் தப்பினர்.

இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மலாயாவில் பல்லாயிரவரைக் கொன்ற நோய் ஒன்றுக்கும் இடமே காரணம் என மருத்துவர்கள் உறுதியாக நம்பினர். அந்நோய் பெரிபெரி. அந்நம்பிக்கை பிழையெனக் கண்டறியப்பட்ட வரலாற்றில் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் சோற்றுக்கு ஒரு தனி இடமுண்டு. அது எத்தகைய இடம் என்பதையும், அதனை எந்த அளவுக்குப் பாராட்டலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் களமும்

பெரிபெரி கால்களில் தொடங்கும் நோய். முதலில் பாதம் மரத்துப்போகும், நடை தளரும், கால் வீங்கும். முற்றிய நிலையில் இதயம் செயலிழந்து நோயாளி திடீரென மாள்வதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களிடையே இந்நோய் பெருவாரியாகப் பரவியிருந்தது. மருத்துவமனைகளும் சிறைச்சாலைகளும் மனநோயர் காப்பகங்களும் இதற்கு விலக்கல்ல. நோயின்றி உள்ளே சென்றவர்கள் சில மாதங்களில் கால் வீங்கிக் கிடந்தனர்.

கிருமியியல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. இரானல்ட் ரோஸ் 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். எந்நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்னும் எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது. வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பேட்ரிக் மேன்சன், பெரிபெரி குறிப்பிட்ட இடங்களில் தங்கியிருக்கும் கிருமி உண்டாக்கும் நஞ்சால் விளைவது எனக் கருதினார். எனவே நோயாளியை அவ்விடத்திலிருந்து அகற்றுவதே சிகிச்சை என்றாயிற்று. சில வேளைகளில் இச்சிகிச்சை பலித்ததும் உண்டு. இடம் மாறியவரின் உணவும் உடன் மாறியிருக்கக்கூடும் என்பதை அன்று பலர் எண்ணிப்பார்க்கவில்லை. கோலாலம்பூரில் 1900இல் தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட்டும் 1902இல் வெளியிட்ட ஆய்வில் பெரிபெரியைக் கிருமியால் தொற்றும் நோய் என்றே முடிவு செய்தார்.

மூவகை அரிசி

நெகிரி செம்பிலானில் அரசாங்க அறுவை மருத்துவராகப் பணியாற்றிய லெனர்ட் பிராடன் வேறொரு கோணத்தில் நோக்கினார். ஒரே ஊரில் ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் மூவின மக்களில் சீனரே பெரும்பாலும் இந்நோய்க்கு ஆளாவதும், தமிழரும் கிராமத்து மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்புவதும் அவர் கவனத்தை ஈர்த்தன. இம்மூவரும் உண்டது சோறே. ஆனால் மூவரின் அரிசியும் ஒன்றல்ல.

சீனச் சுரங்கத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் இட்டுக் குற்றி உண்டனர். அதில் தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழர் உண்டது வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த புழுங்கல் அரிசி. இவற்றைப் பிராடன் முறையே பதப்படுத்தாத அரிசி, புத்தரிசி, பதப்படுத்திய அரிசி என வகைப்படுத்தினார். நோயிலிருந்து ஒருவரைக் காப்பது இனம் அன்று, அவர் உண்ணும் அரிசியே என்பது அவர் வாதம். இதனை 1907இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய பெருநூலாக வெளியிட்டார்.

காரணத்தைச் சரியான இடத்தில் தேடிய பிராடன், விளக்கத்தில் வழுவினார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தேங்கிக் கிடக்கும் வெள்ளையரிசியில் ஒருவகைப் பூஞ்சை நஞ்சு உருவாகிறது என்றும், நெல்லை அவிக்கும்போது அப்பூஞ்சை அழிந்துவிடுகிறது என்றும் அவர் கருதினார். ‘இல்லாத’ ஒன்று நோயைத் தரும் என்னும் கருத்து அன்றைய மருத்துவ மனத்துக்கு எளிதில் எட்டவில்லை. ‘இருக்கும்’ ஒன்றே கொல்லும் எனப் பழகிப்போயிருந்தது. எனினும் டச்சு ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் இதற்கான முன்னோடி ஆய்வுகள் நிகழ்ந்திருந்தன. கிறிஸ்தியான் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய் வருவதையும் தவிடு கொடுத்தால் அது நீங்குவதையும் 1890களில் காட்டினார். அவருக்குப்பின் வந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல், உணவில் ஏதோ ஓர் இன்றியமையாப் பொருள் குறைவதே காரணம் எனத் துணிந்து எழுதினார். டச்சு மொழியில் அமைந்த அவ்வெழுத்து மலாக்கா நீரிணையைக் கடந்து வர நெடுநாள் ஆயிற்று.

கோலாலம்பூர்க் காப்பகத்தில் ஓர் ஆண்டு

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெச்சர். கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் 1905இல் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்த நோயாளிகள் அனைவரும் உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு முன்போலவே சயாம் வெள்ளையரிசி பெற்றனர். இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பக்கக் கட்டடத்தில் தங்கி இந்தியப் புழுங்கல் அரிசி பெற்றனர். இரு கட்டடங்களும் ஒரே அமைப்புடையவை; அரிசி தவிர்ந்த உணவும் ஒன்றே. ஆண்டின் நடுவில் இரு பிரிவினரும் கட்டடங்களை மாற்றிக்கொண்டனர். அரிசி மட்டும் மாறவில்லை. இடமே நோய்க்குக் காரணம் எனில் நோய் கட்டடத்தோடு நின்றிருக்க வேண்டும். அது அரிசியைப் பின்தொடர்ந்தே சென்றது.

வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. 1907இல் இலான்செட் இதழில் வெளிவந்த இவ்வறிக்கையில், வெள்ளையரிசி நேராகவோ மறைமுகமாகவோ நோய்க்குக் காரணம் என ஃபிளெச்சர் எழுதினார். அரிசியில் நஞ்சு உள்ளதா, சத்துக் குறைவா, சத்துக் குறைவால் தளர்ந்த உடலில் கிருமி நுழைகிறதா என்பதை அவர் முடிவு செய்யாமல் விட்டது அறிஞருக்குரிய அடக்கம் எனலாம்.

ஒப்பீட்டுப் பிரிவு, வரிசை எண்வழிப் பகுப்பு, இடமாற்றம் என இச்சோதனையின் அமைப்பு இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியரால் பெரிதும் பாராட்டப்படுகின்றது. அப்பாராட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த 18 பேரைக் கடந்துசெல்ல இயலவில்லை. தம் ஒப்புதலைத் தெரிவிக்கும் நிலையில் இல்லாத மனிதர்கள் அவர்கள். கிழக்குக் கட்டடத்தில் சாவுகள் தொடர்ந்தபோதும் மேற்குக் கட்டடத்தில் எவரும் சாகாதபோதும், ஆண்டு முடியும்வரை வெள்ளையரிசி கொடுக்கப்பட்டே வந்தது. இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு இசைவு தராது. அன்றைய அறிவுக்கு ஐயமே எஞ்சியிருந்தது என வாதிடலாம். அவ்வாதம் எந்த மாதத்தோடு வலுவிழந்தது என்பதே கேள்வி.

துரியான் திப்புஸ் சோதனை

ஃபிளெச்சரின் முடிவை மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் மேலும் உறுதிப்படுத்தினர். நெகிரி செம்பிலானின் துரியான் திப்புஸ் பகுதியில் காட்டை அழித்துச் சாலை அமைக்க வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இருபிரிவாக்கினர். முன்னர் எவரும் குடியிருந்திராத காட்டில், புதிதாகக் கட்டிய கொட்டகைகளில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். எனவே பழைய கட்டடத்தில் படிந்த கிருமி என்னும் வாதத்துக்கே இடமில்லாமற் போயிற்று. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளையரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. புழுங்கல் அரிசிப் பிரிவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றியபோது நோயும் பிரிவு மாறியது. இவ்வறிக்கை 1909இல் வெளிவந்தது.

அடுத்து இருவரும் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். தீட்டும்போது நீங்கும் தவிட்டைத் திரும்பக் கொடுத்தால் நோய் வருவதில்லை என்று கண்டனர். நஞ்சுக் கொள்கை இத்துடன் வீழ்ந்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியையே முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. மலாயாவின் அரசாங்க மருத்துவமனைகளும் சிறைகளும் புழுங்கல் அரிசிக்கு மாறின. 1912இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்னும் சொல்லைப் படைத்தார். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் இராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். தயமின் என்றும் உயிர்ச்சத்து பி1 என்றும் இன்று நாம் கூறுவது இதனையே.

அவித்த நெல்லின் இரகசியம்

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியிலுள்ள தவிட்டுப் படலத்திலும் முளைப் பகுதியிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. மாவுப்பொருள் இறுகுவதால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி நீங்குவதில்லை. அரிசி களையும்போதும் பச்சரிசியில் போகும் அளவுக்குக் கரைந்து போவதில்லை.

இதனைக் கண்டு நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர் என முழங்குவோர் உளர். அம்முழக்கம் பொருந்தாது. நெல்லை அவித்தது, குற்றும்போது குருணையாகாமல் இருக்கவும், நெடுநாள் கெடாமல் இருக்கவும், வயிற்றில் நெடுநேரம் தங்கவுமே. பயன் தெரிந்தது; காரணம் தெரியவில்லை. தமிழ் மரபே இதற்கு முழுச் சான்றும் அன்று. பூசைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசியே உரியதாயிற்று, உழைப்பாளியின் பானையில் கொதித்தது புழுங்கல். பிற்காலத்தில் நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மக்காரிசனும் அவர்வழி அய்க்ராய்டும் நிகழ்த்திய உணவாய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. பச்சரிசி உண்ணும் வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்தது.

பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பின் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்குப் பெருகின. மாசாய், உலு திராம் போன்ற சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் தொழிற்சாலை வேலைகளை நாடின. ஆலைக்கு வரும் கச்சா எண்ணெய் செந்நிறமுடையது. அந்நிறம் உயிர்ச்சத்து ஏ-யின் முன்வடிவமான கரோட்டினால் வருவது. வெளுக்கும் மண்ணும் உயர்வெப்பமும் அதனை நீக்கி, சந்தை விரும்பும் தெளிந்த மஞ்சள் எண்ணெயைத் தருகின்றன. சயாம் ஆலைகள் அரிசிக்குச் செய்ததும் இதனை ஒத்ததே. வேறுபாடு ஒன்றுண்டு: இன்று எண்ணெய் மட்டுமே ஒருவரின் உணவு அன்று, அன்று சுரங்கத் தொழிலாளிக்குச் சோறே பெரும்பாலும் உணவு.

காப்பு எவருக்கு?

பெரிபெரியிலிருந்து தப்பியதால் தமிழ்த் தொழிலாளி நலமாக வாழ்ந்தான் என்று பொருளன்று. மலேரியா அவனைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. கிள்ளானில் மல்கம் வாட்சன் 1901 முதல் சதுப்புநிலங்களை வடித்து நிகழ்த்திய தடுப்புப் பணியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று அம்மரணங்களைக் குறைத்துத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கச் செய்வதே. வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் எஞ்சியவரை வாட்டின. பிராடனின் ஒப்பீட்டில் நோயற்றவனாக நிற்கும் தமிழன், அந்த ஒரு நோயைப் பொறுத்து மட்டுமே நோயற்றவன்.

1929இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐக்மனுக்கும் ஆங்கில அறிஞர் ஹாப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிரைன்சுக்கோ மலாயாவில் உழைத்த நால்வருக்கோ அதில் பங்கில்லை.

தமிழருக்கு அந்நோய் வராது என்னும் எண்ணம் எஞ்சியிருந்தால் அதனைச் சயாம் மரண இரயில் பாதை முற்றாகத் துடைத்தெறிந்தது. 1942-43இல் சப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைத் திரட்டி அப்பாதை அமைக்க அனுப்பினர். அங்கே கிடைத்தது தீட்டிய அரிசியே. அதுவும் போதிய அளவு இல்லை. காயோ பருப்போ மீனோ அரிது. வாந்திபேதியும் மலேரியாவும் புண்களும் கொன்ற முகாம்களில், தோட்டத்தில் இருந்தவரை புழுங்கல் சோறுண்டு பெரிபெரியை அறியாதிருந்தவர்களின் கால்களும் மரத்து வீங்கின.