துறவாடையிலிருந்து கைப்பிடி அரிசி வரை: பாராமகால் வட்டாரத்தில் கிறித்தவ அர்ப்பணிப்பின் வரலாறு

முன்னுரை

பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே, சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த பேரூர் மாரண்டஹள்ளி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கும் எல்லை மண் இது. ராகி, தக்காளி, மல்பெரித் தோட்டம் என்று வானத்தையும் கிணற்றையும் நம்பி வாழும் உழவர் ஊர்கள் இதைச் சூழ்ந்துள்ளன. கிறித்தவர் இங்கே மிகச் சிறிய தொகையினர். ஆயினும் இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய பாராமகால், சேலம் பகுதிகளின் வழியாக நானூறு ஆண்டுகளாக ஒரு கேள்வி பயணம் செய்திருக்கிறது: கடவுளை மகிமைப்படுத்த ஒருவர் எதைக் கொடுக்க வேண்டும்?

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளான ஆமோசும் மீகாவும், நீதியும் இரக்கமும் இல்லாத பலியைக் கடவுள் ஏற்பதில்லை என்று முழங்கினர். தன் வறுமையிலிருந்து இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு எல்லாச் செல்வருக்கும் மேலாக வைத்தார். தன்னையே உயிருள்ள பலியாக ஒப்புக்கொடுப்பதுதான் ஆராதனை என்று பவுல் ரோமருக்கு எழுதினார். இந்தப் போதனை இவ்வட்டாரத்தில் எவ்வெவ் வடிவம் கொண்டது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏன் மாறியது என்பதை இக்கட்டுரை நான்கு கட்டங்களாக ஆராய்கிறது. அர்ப்பணிப்பின் அளவு கொடுப்பவர் இழந்ததில் மட்டும் இல்லை; பெறுபவர் கொடுப்பவராக எழுந்து நிற்பதில்தான் அது நிறைவடைகிறது என்பதே இதன் துணிபு.

1. துறவு: உடலால் செலுத்திய காணிக்கை

முதற் கட்டத்தின் தலைமகன் இராபர்ட் தே நொபிலி. 1577இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்து, 1605இல் கோவாவுக்கும் மறு ஆண்டு மதுரைக்கும் வந்த சேசு சபைத் துறவி. காவியாடை, பாதக்குறடு, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவு என்று தமிழகத்துச் சந்நியாசியின் வாழ்வை ஏற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். இந்த வாழ்க்கை முறைக்கு அவருடைய சபைக்குள்ளும் வெளியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டுகள் நீண்ட வழக்கின் முடிவில், 1623 ஜனவரியில் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தையின் ஆணை அவர் பக்கம் நின்றது.

அதே ஆண்டில் நொபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தவருக்கு ஊருக்குள் தங்க இடம் கிடைக்கவில்லை. சத்திரத்தில் கிடந்து நோயுற்றார். பின்னரே ஊரின் ஆதரவு கிடைத்தது. பதவியிழந்த சேலத்து நாயக்கர் குடும்பத்தவர் ஒருவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். சேலத்துக்கு வடக்கே கிறித்தவம் பரவுவதற்கான வழி இவ்வாறு திறந்தது. நொபிலி 1656இல் மயிலாப்பூரில், கண்பார்வை மங்கிய நிலையில் இறந்தார்.

இந்தத் துறவின் பெருமையைக் குறைக்க முடியாது. அதன் எல்லையையும் மறைக்கக் கூடாது. நொபிலி தம் பிறப்பு, நாடு, உணவு, வசதி அனைத்தையும் துறந்தார். ஆனால் அவர் ஏற்ற புதிய வாழ்வு சாதி அடுக்கின் மேல்தட்டை ஒட்டியே அமைந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடம் செல்வதற்கு வேறொரு வகைத் துறவியர் தேவைப்பட்டனர். 1640இல் பல்தசார் தா கோஸ்தாவுடன் தொடங்கிய பண்டாரசாமிகள் அப்பணியை ஏற்றனர். இரு பிரிவினரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். ஆயினும் வெளிப்படையாகக் கலந்து பழக முடியாத நிலை நிலவியது. கடவுள்முன் எல்லாரும் சமம் என்ற நற்செய்தியைச் சுமந்தவர்கள் பந்தியில் பிரிந்து அமர நேர்ந்தது. தமிழகத் திருச்சபையில் சாதியின் தழும்பு இன்றும் ஆறாமல் இருப்பதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர்ப் படைகள் பாராமகாலைக் கைப்பற்றின. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லியோனார்டோ சின்னமி அந்நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய மைசூர் மறைப்பணியின் தாக்கம் இப்பக்கமும் பரவியது. தருமபுரிக்கு அருகிலுள்ள கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் வேர் இக்காலத்துச் சேசு சபைப் பணியில் உள்ளது. போரும் ஆட்சி மாற்றமும் குருக்கள் பற்றாக்குறையும் மாறிமாறி வந்தபோது நம்பிக்கையைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெண்களுமே. செபமாலையும் ஞாயிறு மந்திரங்களும் அவர்கள் வாயால் பிள்ளைகளுக்குக் கைமாறின.

2. நிறுவனம்: பஞ்சமும் மருந்தும் பள்ளியும்

1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. அவர்களது தென்னிந்தியப் பணியைப் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையார் ஏற்றனர். அச்சபையின் அபே துபுவா 1792இல் இந்தியா வந்தார். அதே ஆண்டில்தான் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் துபுவா மைசூர் நாட்டில் இந்திய உடையில், இந்திய உணவோடு வாழ்ந்தார். அம்மை குத்துதல் அறிமுகமான தொடக்க ஆண்டுகளிலேயே அதை மக்களிடம் கொண்டுசேர்த்துப் பல்லாயிரம் உயிர்களைக் காக்கத் துணைநின்றார். 1823இல் தாயகம் திரும்பியவர், மதமாற்றம் என்ற அளவில் தம் பணி தோற்றது என்றே கருதினார். ஆனால் அம்மையால் சாகாமல் வளர்ந்த குழந்தைகளை எந்தத் திருமுழுக்குப் பதிவேடும் எண்ணிக் காட்டாது. கடவுளுக்குச் செலுத்தும் சேவையை ஆள்சேர்ப்புக் கணக்கால் அளப்பது தவறு என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

சீர்திருத்தச் சபையார் தரப்பில் இலண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. ஹென்றி கிரிஸ்ப் முதலில் வந்தார். பின்னர் வந்த லெக்லர் பள்ளியோடு கைத்தொழிற் பயிற்சியையும் இணைத்தார். துறவியின் தனிவாழ்வு இருந்த இடத்தில் பள்ளி, விடுதி, மருந்தகம் என்ற அமைப்புகள் எழுந்தன.

1876–78இன் பெரும்பஞ்சம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் திருப்பத்தூரும் அடங்கும். 1871இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த அம்மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகச் சரிந்தது. பிறப்புகள் குறைந்ததைக் கணக்கில் கொண்டாலும் இந்தச் சரிவின் பொருள் கொடியது: மக்கள் மடிந்தார்கள் அல்லது ஊரைவிட்டு ஓடினார்கள். தென்னிந்தியா முழுவதும் மிஷன் வளாகங்களில் கஞ்சித்தொட்டிகளும் அனாதை விடுதிகளும் தோன்றின. பசித்தவருக்குச் சோறிடுவது பிரசங்கத்துக்குப் பிற்சேர்க்கை அன்று. அதுவே ஆராதனையின் பகுதி என்ற உணர்வு சபைகளில் வேரூன்றியது.

மருத்துவத்தில் இக்கட்டத்தின் உச்சம் வேலூர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்வே வேண்டாம் என்றிருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி தேடி வந்தனர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவு ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். தாம் ஒருவரே எல்லாரையும் குணப்படுத்த முயலாமல், இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கியதில்தான் அவரது தொலைநோக்கு விளங்குகிறது. இன்றும் தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்கள் தீராத நோய்க்கு வேலூருக்குப் பேருந்து ஏறுகின்றன.

நிறுவனங்களுக்கும் ஓர் ஆபத்து இருந்தது. பணமும் முடிவெடுக்கும் உரிமையும் வெளிநாட்டவர் கையில். சம்பளமும் கீழ்ப்படிதலும் உள்நாட்டவர் பங்கு. தியாகம் செய்தவரே எசமானராகவும் இருந்தார். இம்முரணைத் துணிவோடு சுட்டியவர் ஒரு தமிழர்.

3. நட்பு: எசமானத்தைத் துறத்தல்

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடலுக்கு இக்கரையில், தொண்டியில், ஊழியரை வைத்திருப்பதைக் கண்டார். இச்செய்தி அவரை உலுக்கியது. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். 1905 டிசம்பர் 25 அன்று சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்தியத் தலைமை என்பது அதன் நெறி. அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான கே. டி. பால் சேலத்தில் பிறந்தவர். பின்னாளில் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலராகிக் கிராம மறுசீரமைப்பை அதன் பணியாக்கினார், முதல் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார், 1931இல் மறைந்தார்.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசினார். மிஷனரிகள் பொருளையும் உடலையும் கொடுத்ததை இந்தியத் திருச்சபை நன்றியோடு ஏற்கிறது, ஆனால் எங்களுக்கு இன்னும் வேண்டியது நட்பு என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறில்லை. உயிரையே கொடுத்தவரும் பக்கத்தில் இருப்பவரைச் சமமாக நடத்தாமல் இருக்கக்கூடும் என்று அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

அந்த வேண்டுகோளுக்குப் பாராமகாலின் விளிம்பிலேயே ஒரு விடை பிறந்தது. 1911வரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்து, ஏழைகளுக்கு மருத்துவம் செய்து ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். மக்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஏகாதிபத்தியக் காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக நின்றார். நொபிலி துறக்காத ஒன்றை, வேலூரும் சேலமும் முழுமையாகத் துறக்க இயலாத ஒன்றை, இவர் துறந்தார்: தலைமையை.

அதற்கு விலையும் கொடுத்தார். 1932 ஜனவரியில் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில் நின்ற பேட்டன்மீது போலீசாரின் தடி விழுந்தது. அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை சென்றது. ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயிற்கலை மரபில் எழுந்தது. ஆராதனை, மருத்துவம், தேச விடுதலை உணர்வு மூன்றும் அங்கே ஒன்றோடொன்று முரண்படவில்லை.

4. குடும்பம்: சிறு காணிக்கையின் பேராற்றல்

நான்காம் கட்டத்தில் அர்ப்பணிப்பு சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. தமிழ்ச் சபைகளில் இதற்கான மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்து, அதைச் சபைக்குக் கொண்டுவருவது பெண்களின் வழக்கம். அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலான நெல், வாழைத்தார், கோழி, பூசணி எல்லாம் பீடத்தின்முன் வந்து பின் ஏலத்துக்குப் போகும். கூலி வேலைக்காரரும் கொடுக்க முடியும். கொடுப்பதால் சபைக்கு உரிமையாளராக முடியும். பின்னாளில் ஆயரான அசரியா தம் தோர்னக்கல் மறைமாவட்டத்து ஏழை மக்களிடம் வலியுறுத்தியதும் இதையே. கிறித்தவக் கொடை குறித்து அவர் தனி நூலே எழுதினார்.

இந்த மண்ணில் 1959இல் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு முளைத்தது. ஆசிரியர், குமாஸ்தா, செவிலியர், இல்லத்தரசி என்று பலரும் சிறு குழுக்களாகக் கூடி ஜெபித்து, மாதந்தோறும் தம் வருமானத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கினர். அவர்கள் தாங்கிய முதல் ஊழியர் 1967இல் சென்ற இடம் தருமபுரி மாவட்டத்துப் பெரியமலை. தருமபுரி அப்போது சேலத்திலிருந்து பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆன மாவட்டம். 1623இல் ஐரோப்பியத் துறவி நோயுற்றுக் கிடந்த வட்டாரத்துக்கு, 344 ஆண்டுகள் கழித்துத் தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பில் ஓர் ஊழியர் வந்தார். பின்னர் வட இந்தியாவுக்கு 440 ஊழியர்களை அனுப்பும் இலக்கை இவ்வியக்கம் ஏற்றது. தென்மாவட்டத்து இளம் தம்பதியர் மொழி தெரியாத ஊர்களில் காய்ச்சலோடும் தனிமையோடும் வாழ்ந்தனர். அவர்களைத் தாங்கியவர்கள் செல்வந்தர்கள் அல்லர். மாதக் கடைசியில் கடன் வாங்கும் வீட்டார்.

கத்தோலிக்கத் தரப்பிலும் பொறுப்பு உள்ளூர்மயமானது. 1930இல் சேலம் மறைமாவட்டம் பிரஞ்சு ஆயர் ஒருவரின் தலைமையில் உருவானது. 1997 ஜனவரி 24 அன்று அதிலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம் இந்திய ஆயரின்கீழ் தொடங்கியது.

முடிவுரை

நான்கு கட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வளர்ச்சியின் திசை தெளிவாகிறது. துறவி தம் உடலைக் கொடுத்தார். நிறுவனம் அறிவையும் மருந்தையும் கொடுத்தது. ஆசிரமம் தலைமையைக் கொடுத்தது. குடும்பங்கள் தம் பற்றாக்குறையிலிருந்து கொடுத்தன. ஒவ்வொரு முறையும் அர்ப்பணிப்பு ஆழமானது, ஊழியம் செய்பவர் பெறுபவரின் மட்டத்துக்கு இறங்கிய அளவில்தான். அது தடுக்கப்பட்டது, சாதியோ இனமோ அதிகாரமோ நடுவில் நின்றபோதுதான்.

இது இன்றைய சபைகளுக்கு வரலாறு விடுக்கும் சோதனையும் ஆகும். பெரிய கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் கடவுளை மகிமைப்படுத்துவதில்லை. கல்லறையில் சாதிக்கொரு மூலை ஒதுக்கும் சபை எவ்வளவு காணிக்கை எடுத்தாலும் அது ஆமோஸ் கடிந்த பலியே. வறட்சியில் கிணறு வற்றிய உழவருக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் இளைஞருக்கும், முதுமையில் தனித்துவிடப்பட்ட பாட்டிக்கும், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், தோள் கொடுப்பதே இம்மண்ணில் செலுத்தத்தக்க காணிக்கை.

மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டாரச் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் உபதேசியார், வேதாகமப் பெண்கள், கிராமப் பள்ளி ஆசிரியர்கள், கைப்பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மார் ஆகியோரின் நினைவுகளை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பாதுகாத்துப் படியெடுங்கள். பெரியவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. நானூறு ஆண்டு நம்பிக்கையைத் தோளில் சுமந்த எளியவர்களின் பெயர்களை நிலைநிறுத்துவது உங்கள் கடமை.