மண்முத்திரையும் தனிச்சாவியும்

மாதவி கோவலனுக்கு அனுப்பிய இரண்டாவது ஓலையைப் பற்றி எம்.ஏ. வகுப்பில் நாங்கள் பேசியதெல்லாம் அவலச்சுவை, மாதவியின் மனமாற்றம், பரீட்சைக்கு வரக்கூடிய இன்னும் ரெண்டு விஷயம். ஓலையின் மேலிருந்த மண்ணை யாரும் பேசவில்லை. புறஞ்சேரியிறுத்த காதையில் கோசிகமாணி கொண்டுவருகிற ஓலை மடித்து மண்முத்திரை இடப்பட்டது. முத்திரையை இட்டது மோதிரம் அல்ல, கூந்தல். கூட வாழ்ந்த காலத்தில் அறிந்த அந்த நெய்வாசம் மண்ணிலிருந்து எழுந்து, எழுதியவள் யாரென்று பிரிப்பதற்கு முன்பே கோவலனுக்குச் சொல்லிவிடுகிறது. மூன்றாம் ஆள் யாரும் அங்கே சான்றளிக்கவில்லை. வாசித்து முடித்தவன், இதே வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்துகிறதே என்று அதே ஓலையை அவர்களிடம் காட்டச் சொல்லிக் கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். முத்திரை மாதவியுடையது, சொல் மாதவியுடையது, பெறுநர் மட்டும் மாறிவிட்டார். இதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் காட்சி எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது சங்கரன்கோவிலில் ஒரு மாடியறையில். கீழே விசைத்தறிச் சத்தம். தறிக்கூடங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில் படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையைத் திறந்து, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவிக்குக் கட்டளைகளைத் தட்டிக் காட்டினார். ஒரு வரி தட்டினால் இரண்டு சாவிகள் பிறக்கின்றன. ஒன்று தனிச்சாவி, வெளியே விடக்கூடாது. மற்றது பொதுச்சாவி, தெருவில் ஒட்டினாலும் நஷ்டமில்லை. பொதுச்சாவியால் பூட்டியதைத் தனிச்சாவிதான் திறக்கும். தனிச்சாவியால் ஒப்பமிட்டதைப் பொதுச்சாவி வைத்திருக்கிற எவரும் சரிபார்க்கலாம். என் கட்டுரை ஒன்றுக்கு அவர் ஒப்பமிட்டார். கருவி முதலில் கட்டுரை முழுவதையும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு சுருக்கமாக்கிக்கொள்கிறது, ஹாஷ் என்கிறார்கள். அந்தச் சுருக்கத்தின் மீதுதான் தனிச்சாவி வேலை செய்கிறது. ஒரு மெய்யெழுத்தின் தலையிலிருந்த புள்ளியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம். ஒரு புள்ளிதான் போனது, ஹாஷ் முழுக்க வேறாகிவிட்டது, சரிபார்ப்பு தோற்றது. சுவடிகளில் புள்ளி இல்லாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் காட்டினார். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கருவிக்கு இரண்டும் வேறு பிரதிகள். கண்ணுக்குத் தெரியாத பாடபேதம்!

எல்லாம் ஒத்துவந்தபோது கருவி சொன்ன பதில், சரிபார்த்தேன், சரி என்ற அளவில்தான் இருந்தது. யார் என்று சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது சாவி மட்டும்தான்.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மறையாக்கத்தின் வரலாற்றை நமக்குச் சொல்கிறவர்கள் ரகசியத்தின் வரலாறாகவே சொல்கிறார்கள்: ஒற்றர்கள், போர்கள், சங்கேத இயந்திரங்கள். பிரிட்டிஷ் உளவு நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970இல் இந்த யோசனையை எழுதினார், கிளிஃபோர்ட் காக்ஸ் 1973இல் அதற்குக் கணிதம் கண்டார். 1997 வரை அது வெளியே வரவில்லை. ராணுவத்துக்குச் சாவி கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுடைய பிரச்சனை. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பகிரங்கமாக எழுதிய கட்டுரையில் இன்னொரு கேள்வியும் இருந்தது: தாளில் இடுகிற கையெழுத்துக்கும் எழுத்து ஒப்பந்தத்துக்கும் மின்வழியில் என்ன மாற்று? மறுவருஷம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டபோது பூட்டும் கையெழுத்தும் ஒரே கணிதத்துக்குள் அடங்கின. அதற்குப் பிறகு வந்த கதை இரண்டு கிளையானது. 1991இல் ஃபில் ஜிம்மர்மன் பிஜிபி என்ற நிரலை இலவசமாக வெளியிட்டார். ஆயுத ஏற்றுமதி விதியை மீறினாரா என்று அமெரிக்க அரசு 1996 வரை அவரை விசாரித்தது. நிரலை ஏற்றுமதி செய்தால்தானே குற்றம் என்று 1995இல் அதன் மூலவரிகளைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். ஜெர்மனியில் வெர்னர் காக் அதே வழியில் க்னூபிஜியை எழுதி 1999இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் எரிக் யங்கும் டிம் ஹட்சனும் 1995 வாக்கில் எழுதிய எஸ்எஸ்லீயிலிருந்து 1998 டிசம்பரில் கிளைத்தது ஓப்பன்எஸ்எஸ்எல். இணையத்தின் பெரும்பகுதி இதைச் சார்ந்திருந்தும், 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான் இதை ஒரு கைவிரல்கூட நிறையாத ஆட்கள் பராமரித்துவந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

இரண்டு கிளைக்கும் கணிதம் ஒன்று, நம்பிக்கை வேறு. பிஜிபி வழியில், எனக்குத் தெரிந்தவர் உங்கள் சாவிக்கு ஒப்பமிட்டிருந்தால் நான் உங்களை நம்புவேன். நேரில் சந்தித்து, சாவியின் அடையாள எண்ணை வாசித்துக் காட்டி, ஒருவர் சாவியில் மற்றவர் ஒப்பமிடுவார்கள். கூந்தல் வாசத்துக்குப் பக்கத்தில் வருகிற முறை. க்னூபிஜி இன்றும் பழக்கமில்லாத சாவியின் ஒப்பம் சரியாக இருந்தாலும், இந்தச் சாவி இன்னாருடையது என்பதற்கு அறிகுறி எதுவும் இல்லை என்று எச்சரிக்கிறது. மற்றது சான்றிதழ் வழி. உச்சியில் ஒரு மூலச் சான்றாளர், அவருக்குக் கீழே உரிமம் பெற்றவர்கள், அவர்களுக்குக் கீழே நாம்.

இந்தியா எடுத்துக்கொண்டது இரண்டாவதை. 2000 அக்டோபர் 17இல் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்த இருசாவி முறையையும் ஹாஷையும் பெயர் சொல்லியே சட்டத்துக்குள் கொண்டுவந்தது, சான்றளிப்போரைக் கட்டுப்படுத்த ஒரு கட்டுப்பாட்டாளரை நியமித்தது. அவருடைய மூலச் சான்றிதழுக்கு ஒப்பமிடுவது யார்? அவரேதான். எல்லா மூலச் சான்றிதழும் அப்படித்தான், தனக்குத்தானே ஒப்பமிட்டுக்கொள்ளும். நண்பர் அந்த மாடியறையில் ஒரே கட்டளையில் அதே மாதிரி ஒன்று செய்து காட்டினார். கணிதத்தில் டெல்லிக்கும் அந்த அறைக்கும் வித்தியாசம் கிடையாது. நீதிமன்றத்தில் உண்டு. அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, அரசு கேட்டால் மறையாக்கத்தைத் திறக்க உதவ வேண்டும், மறுத்தால் ஏழாண்டு வரை சிறை என்கிறது. பூட்டு என்று வரும்போது சாவியை எங்களிடம் காட்டு என்கிற அரசு, கையெழுத்து என்று வரும்போது சாவி உன் பொறுப்பு என்கிறது. 2015 செப்டம்பரில் மறையாக்கக் கொள்கை வரைவு ஒன்று, அனுப்பிய செய்திகளைப் பூட்டாத வடிவில் 90 நாள் வைத்திருக்கச் சொன்னது; எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள்.

கையெழுத்துப் பக்கம்தான் நம்மவர்கள் கவனிக்காதது. சட்டம் வந்தபோது சாட்சியச் சட்டத்தில் 85பி பிரிவைச் சேர்த்தார்கள்: பாதுகாப்பான மின்கையொப்பம் இருந்தால், சாவிக்கு உரியவரே ஒப்புக்கொள்ளும் எண்ணத்தோடு அதை இட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2023இன் புதிய சாட்சியச் சட்டத்திலும் இது தொடர்கிறது. இந்த ஆசை காலனி ஆட்சிக்கும் இருந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மைதடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதிக்க வைத்தார். பின்னால் கையெழுத்து என்னுடையது இல்லை என்று மறுத்துவிடக்கூடாதாம். நம் பத்திரங்களின் கைநாட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தேகம் இதுதான். ஆனால் கைநாட்டை இன்னொருத்தர் டிராயரில் வைத்துப் பூட்ட முடியாது. தனிச்சாவியை முடியும்.

ஹாஷ் விஷயத்திலும் இதே கோணல். பீமா கோரேகாவ் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினி 2018 ஏப்ரலில் கைப்பற்றப்பட்டது. அதிலிருந்த கடிதங்கள்தான் குற்றச்சாட்டின் முதுகெலும்பு. அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் தந்த அறிக்கை, 2016இலேயே ஓர் உளவு நிரல் அந்தக் கணினிக்குள் நுழைந்து 22 மாதம் இருந்ததாகவும், கடிதங்கள் அதன் வழியாக மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டதாகவும் சொன்னது. அரசுத் தரப்பு இதை ஏற்கவில்லை. திருச்சி விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி அதே வழக்கில் நீதிமன்றக் காவலில் இருந்தபடியே 2021 ஜூலை 5இல் இறந்துபோனார். அவர் கணினியிலும் இதே கதை என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் எழுதியது. புதிய சாட்சியச் சட்டம் மின்னணுச் சான்றோடு ஹாஷையும் எழுதித் தரச் சொல்கிறது. நல்லது. ஆனால் ஹாஷ் எடுத்த நிமிஷத்துக்குப் பிறகு புள்ளி மாறவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. அதற்கு முந்தின ராத்திரி யார் உள்ளே வந்து எதை வைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. தோழர்கள் சிலர் மறையாக்கம் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கடிதத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டைத் திறந்து வைத்திருக்கிற கதைதான்.

மாதவியின் ஓலைக்கு வருகிறேன். ஒப்பமிட்டுப் பின் பூட்டி அனுப்பிய செய்தியைப் பெறுநர் திறந்து, ஒப்பம் கலையாமல் வேறொருவருக்குப் பூட்டி அனுப்பலாம். வாங்கியவர், எழுதியவரே தனக்கு அனுப்பியதாக நினைப்பார். மறையாக்க ஆய்வாளர்கள் இதைக் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். வாசகத்துக்குள்ளேயே பெறுநர் பெயரை எழுதிவிடுவதுதான் பரிகாரம். மாதவி எழுதவில்லை, கோவலனுக்கு வசதியாகப் போயிற்று.

இதையெல்லாம் எழுத வைத்தது வேறொன்று. ஊராட்சிகளில் மத்திய நிதிக்குழுப் பணத்தை விடுவிக்க இப்போது காசோலை இல்லை, இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் மின்கையொப்பம். யுஎஸ்பி டோக்கனுக்குள் தனிச்சாவி, அதற்கு ஒரு பின் எண். தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில், ஒதுக்கீட்டு ஊராட்சி ஒன்றில் ஜெயித்த அம்மா ஒருவரிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"பெண்டிரைவ் மாரி இருக்குமே, அதையா கேக்க தம்பி? அது கிளார்க்கு பீரோவுல இருக்கு."

"நம்பர் உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அவுகதான் போட்டுக்கிடுவாக. எடுக்குற அன்னைக்கு என்னைய போனுக்கு முன்னால உக்கார வச்சு, பேரச் சொல்லுங்கன்னாக. சொன்னேன். வீடியோ புடிச்சிக்கிட்டாக. அம்புட்டுத்தான்."