வாவிக்கரைக் கூந்தலும் மலைநாட்டுத் தேயிலையும்

பச்சைத் தேயிலையைக் காய்ச்சி, ஆறவைத்துத் தலையில் ஊற்றினால் முடி உதிர்வது நிற்கும் என்று மட்டக்களப்பில் இப்போது பலரும் சொல்லக் கேட்கிறேன். அதை நம் முன்னோர் வைத்தியம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தச் சேர்க்கையைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

இலங்கையில் தேயிலைக்கு அவ்வளவு வயதில்லை. 1824இல் சீனத்திலிருந்து வந்த செடி பேராதனைப் பூங்காவில் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டது 1867இல். இரண்டே ஆண்டில் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. அதன் பின்னரே மலைகளெங்கும் தேயிலை பரவியது. வாவிக்கரையில் அது விளைவதுமில்லை. பதுளையிலிருந்து மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுவீதி மலையையும் வாவியையும் இணைக்கிறது. ஆனால் இந்நாட்டில் ஆக்கப்படுவதில் மிகப் பெரும்பகுதி கறுப்புத் தேயிலையே. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல மட்டக்களப்பு மாவட்டத்தில் குடியேறின. செய்திக்காக அவர்களிடம் பலமுறை சென்றிருக்கிறேன். கொழுந்தைத் தலைக்கு வைத்ததாக அவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேடு தென்னைக்கு உரியது. ஆகவே இங்கே கூந்தலின் மருந்தும் தேங்காயெண்ணெய்தான். வயலோரத்துக் கையாந்தகரையைச் சாறு பிழிந்து அதில் காய்ச்சுவர். செவ்வரத்தை இலையும் வெந்தயமும் அரைத்துப் பூசுவர். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது வீட்டெண்ணெயும் அரிதாயிற்று. சித்திரைப் புத்தாண்டின் மருத்துநீரில் தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், மஞ்சள், மிளகு என்று எத்தனையோ உண்டு. தேயிலை இல்லை.

ஆய்வே இல்லையா என்றால், உண்டு. 2005இல் அமெரிக்காவில், முடி கொட்டிய எலிகளுக்குப் பச்சைத் தேயிலைச் சத்தைக் குடிநீரில் ஆறு மாதம் கொடுத்தனர். மூன்றில் ஒரு பங்குக்கு முடி முளைத்தது. 2007இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அதே இலையின் ஒரு வேதிப்பொருள், ஆய்வுகூடத்தில் வைத்த மனித மயிர்க்கால்களின் வளர்ச்சியைத் தூண்டுவதாகக் கண்டனர். சமையலறைக் கேத்தல் நீருக்கு இவை சான்றாகா.

பிறகு ஏன் சிலருக்குப் பலித்தது? கடுங்காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் பின் இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்தாக உதிரும். பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் தானே திரும்பவும் முளைக்கும். இடையில் எதை ஊற்றினாலும் புகழ் அதற்கே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

தலையில் ஊற்றுவதால் பெருங்கேடில்லை. போனால் தேயிலைக் காசு போகும். குடிக்கத் தொடங்குவோரைப் பற்றியே என் கவலை. நம் பெண்களிடையே முடி உதிர்வோடு சேர்ந்து காணப்படும் குறைகளில் ஒன்று இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுப்பது தேயிலையின் துவர்ப்புச் சத்து. பச்சையானாலும் கறுப்பானாலும் அப்படியே. சோகை பிடித்த பிள்ளை சோற்றுக்கு மேல் நாளுக்கு மூன்று கோப்பை குடித்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். குடித்தே தீருவேன் என்பவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். அதற்கு முன் இரத்தத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும்.