கையெழுத்திடப்படாத உடன்படிக்கை: ஆர்வெல்லின் '1984' நாவலும் அதன் வரலாற்றுப் பின்புலமும்

பகை வல்லரசுகள் மறைவில் கைகோத்துக்கொள்வது அறிவியல் புனைகதைகளில் பழகிப்போன ஒரு கதைக்கூறாகும். பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) நாவலில் பேரரசன் தன் படையினருக்கு ஹார்கொன்னன் குடும்பத்தின் சீருடையை அணிவித்து, அட்ரெய்டிஸ் குடும்பத்தை வீழ்த்துகிறான். அங்கே சதிக்கு ஒரு திட்டமும் அதைத் தீட்டியவரும் உண்டு. 1949 ஜூனில் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலிலோ அவ்விரண்டும் இல்லை. வரலாற்று நோக்கில் அந்நாவலைத் தனித்து ஆராயத் தூண்டுவது இவ்வேறுபாடே எனக் கருதுகிறோம்.

ஓசியானியா, யூரேசியா, ஈஸ்டேசியா ஆகிய மூன்று பேரரசுகள் அதில் ஓயாது போரிடுகின்றன. இரண்டு சேர்ந்து மூன்றாவதை எதிர்க்கும். அச்சேர்க்கையும் அவ்வப்போது மாறும். ஆயினும் எதுவும் எதையும் வெல்வதில்லை. தத்தம் மக்களை வறுமையிலும் அச்சத்திலும் இருத்திவைக்க மூன்றுக்குமே போர் வேண்டியிருக்கிறது. எவரும் கூடிப் பேசாமலேயே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வெறுப்பு வாரத்தின் ஆறாம் நாள் மேடையில் முழங்கும் பேச்சாளர் ஒருவர், தம்மிடம் தரப்பட்ட துண்டுச்சீட்டைக் கண்டதும் பகைநாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார்.

இக்காட்சி மிகையன்று. 1939 ஆகஸ்ட் 23ஆம் நாள் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பின்னிணைப்பு, போலந்தைக் கூறுபோட்டுப் பால்டிக் நாடுகளையும் பங்கிட்டது. நாசிகளை எதிர்க்கும் போரை முதலில் ஆதரித்த பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சி, அதே ஆண்டு அக்டோபரில் அதனை ஏகாதிபத்தியப் போர் என்றது. ஹிட்லர் 1941 ஜூனில் சோவியத்மீது பாய்ந்ததும் மீண்டும் நிலைமாறியது. இவற்றையெல்லாம் ஆர்வெல் அருகிலிருந்து கண்டவர். எனினும் 1943ஆம் ஆண்டின் தெஹ்ரான் மாநாடே நாவலுக்கு வித்திட்டது என்று தம் பதிப்பாளருக்கு அவர் எழுதினார். மாஸ்கோவில் 1944 அக்டோபரில் சர்ச்சில் ஒரு தாளில் ருமேனியாவில் 90 விழுக்காடு ரஷ்யாவுக்கு, கிரேக்கத்தில் 90 விழுக்காடு பிரிட்டனுக்கு என எழுதி நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் குறியிட்டார். இச்செய்தியைச் சர்ச்சில் தம் போர்நினைவு நூலில் வெளியிட்டபோது ஆர்வெல் உயிரோடில்லை; 1950 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

இரகசியப் பின்னிணைப்பை அமெரிக்க வெளியுறவுத் துறை 1948 ஜனவரியில் வெளியிட்டது. சோவியத் அரசு 'வரலாற்றைத் திரிப்போர்' என்ற வெளியீட்டால் எதிர்த்தாக்குத் தொடுத்தது. அப்படியொரு பின்னிணைப்பு உண்டென்பதை 1989 டிசம்பர் வரை அது ஏற்கவில்லை. ஆர்வெல் ஜூரா தீவில் நாவலை எழுதி முடித்ததும் அந்த 1948ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் நோக்கமும் தூயதன்று. பனிப்போரில் அஃது ஓர் ஆயுதம். ஆயினும் ஆவணம் மெய்யானது. நாவலிலோ வல்லரசுகளின் கூட்டை விளக்கும் நூலை எழுதியதில் தனக்கும் பங்குண்டு என்று வதை செய்யும் கட்சி அதிகாரியே கூறுகிறான். அந்நூலை நம்புவதற்கு வின்ஸ்டனுக்கு வேறு சான்று எதுவும் கிட்டுவதில்லை.

நம் வட்டார ஆய்வாளர்கள் பெரிதும் கருத்திற்கொள்ளாத ஒரு பகுதியும் அதே நூலில் உண்டு. மூன்று பேரரசுகளும் போரிடுவது டாஞ்சியர், பிராசவில், டார்வின், ஹாங்காங் ஆகிய நான்கு நகரங்களை மூலைகளாகக் கொண்ட நிலப்பரப்புக்காக. தென்னிந்தியாவும் இந்தோனேசியத் தீவுக்கூட்டமும் அதில் பெயர் சுட்டப்படுகின்றன. நிலப்படத்தில் கோடிட்டுப் பார்த்தால் மலாயாவும் அதற்குள்ளேயே அடங்கும். அங்குள்ள மக்கள் வெறும் கூலிகளாக, நிலக்கரிபோலவும் எண்ணெய்போலவும் கைமாறுகின்றனர். அவர்களது உழைப்பு அடுத்த போருக்கே செலவாகிறது. 1922இல் பர்மாவுக்குக் காவல் பணியேற்கச் செல்லும் வழியில், கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் காவலர் ஒருவர் சுமைகூலியை உதைத்ததைக் கண்டு, பின்னாளில் அதனை எழுதியவர் ஆர்வெல். நம் முன்னோர்மீது ஒட்டிய அச்சொல்லை அவர் அறியாமல் ஆளவில்லை. இருந்தும் அந்நிலப்பரப்பின் மக்களில் ஒருவர்கூட நாவலில் வாய்திறப்பதில்லை. மாஸ்கோவில் நீலக் குறியிட்ட தாளிலும் ருமேனியரையோ கிரேக்கரையோ எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.